டேப்புக்குள் அடங்கிய மலை

டெய்லருக்கு உலகத்தில் இரண்டே பேரிடம்தான் பயம். ஒன்று மனைவி, இன்னொன்று மனைவியைப் பெற்றவர். இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை. தலையை ஆட்டிவிட்டு மிஷினுக்குப் போய்விடலாம். ஆளுக்கொரு பக்கம் நின்றதால்தான் வினை வந்தது.

மாமியாருக்கு ஐம்பத்தேழு வயது. மலை உச்சியில் இருக்கும் வானிலை நிலையத்தில் வேலை. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அறை, வெளியே கம்பி வேலிக்குள் மழைமானி, காற்றுக்காட்டி, வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானிகள், அவ்வளவுதான். தினமும் காலை எட்டரைக்கு அங்கே ஆள் நின்று அளவுகளைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எட்டு இருபத்தொன்பதும் ஆகாது, எட்டு முப்பத்தொன்றும் ஆகாது. இருபத்தாறு வருஷமாக அவர் தன் மலைச் சைக்கிளில் ஆறு கிலோமீட்டர் காட்டுப் பாதையில் ஏறிப் போய் எழுதிவிட்டு இறங்கி வந்தார். மோட்டார் என்று பெயர் இருந்தால் போதும், பேட்டரி வைத்த சைக்கிளைக்கூட வனக் காவலர்கள் அந்தப் பாதையில் விடுவதில்லை. ஊரில் அவருக்கு மழையம்மா என்று பெயர். இன்றைக்குத் துணி காயப் போடலாமா என்று கேட்பதற்கென்றே வீட்டு வாசலில் வந்து நிற்பவர்கள் உண்டு.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவருடைய வலது முழங்காலைத் திறந்து தைத்தார்கள். அதுவரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர், படுத்த படுக்கையில் கிடந்து ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கடைசியாகச் சொன்னது இது: முழங்காலை மடக்கி நீட்டிச் சுற்றலாம், எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம், ஆனால் அதில் பாரம் கொடுத்து அழுத்தக் கூடாது; மலையில் நடந்து ஏறுவதும் இறங்குவதும் அறவே கூடாது.

அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அதிகாரி ஒருவர் உச்சியில் இருப்பார். அம்மையார் யார் துணையும் இல்லாமல் வந்து சேர்ந்து அளவு எடுத்தால் அதே வேலை தொடரும். இல்லையென்றால் அன்றைக்கே கீழ் அலுவலகத்தில் ஒரு மேசைக்கு மாற்றம். ஓய்வு பெறும் வரை அந்த மேசைதான்.

மகளுக்கு அந்தக் கடிதத்தில் சந்தோஷம். அவள் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டு நர்ஸ். மேசை என்றால் நிழல், மின்விசிறி, முழங்காலுக்கு நிம்மதி. தவிர, அம்மாவின் முழங்காலை மூன்று மாதமாக விடியற்காலையில் மடக்கி, நீட்டி, எண்ணி, பழக்கியவள் அவள். அந்த உழைப்பை ஒரு மலைக்குத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. அம்மாவைத் தெரிந்தவள் என்பதால் முன்கூட்டியே சைக்கிள் கடைக்கும் போய், அந்த வண்டியில் கை வைக்கக் கூடாது என்று கடைக்காரரிடம் சத்தியம் வாங்கிவிட்டு வந்தாள். கடைக்காரருடைய தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது ராப்பகலாகப் பார்த்துக்கொண்டவள் கேட்டால் அவர் எப்படி மறுப்பார்?

அப்படியிருக்க, ஒரு நாள் மத்தியானம் மழையம்மா சைக்கிளையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு டெய்லர் கடை வாசலில் வந்து நின்றார்.

பன்னிரண்டு வருஷ உறவில் அவர் மருமகனிடம் கேட்டது ஒரே ஒரு உதவிதான். ஒரு மஞ்சள் மழைச்சட்டையின் கையை நாலு விரற்கடை குறைக்கச் சொன்னார். இன்றைக்கு இரண்டாவது. சைக்கிளின் பல்சக்கரங்களை மாற்ற வேண்டும், கடைக்காரர் சாமான் தருவார், கை வைக்க மாட்டார், ஆகவே கை மருமகனுடையதாக இருக்க வேண்டும். மகளுக்குத் தெரியக் கூடாது.

டெய்லர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தான். மேசை வேலையில் என்ன குறை என்று மெல்ல இழுத்துப் பார்த்தான்.

"மேசையில உக்காந்தா எனக்கு மழைங்கிறது கூரைச் சத்தம் மட்டும்தான் மாப்பிள்ளை," என்றார் அவர். "இருபத்தாறு வருஷமா அது எங்கிருந்து கிளம்புதுன்னு பாத்துட்டு இருந்தவ நான்."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டெய்லர் ஏதாவது சாக்கு தேடியிருப்பான். பேசாமல் நின்றதால் சைக்கிளை வாங்கி உள்ளே வைத்தான்.

சைக்கிள் கடைக்காரரைப் பம்பு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கையில் காற்றடிக்கும் பம்பு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் பம்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார். கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றிய அழகு அது. வேண்டிய சாமான் எந்தெந்தப் பெட்டியில் இருக்கிறது என்று முகவாயால் காட்ட, டெய்லரே எடுத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். மழையம்மாவின் வண்டியில் பெடலோடு சேர்ந்து முன்னால் இருப்பது ஒற்றைப் பல்சக்கரம். பின்னால் சின்னதிலிருந்து பெரிதாகப் பத்துச் சக்கரங்கள் அடுக்காக இருக்கும். ஏற்றத்தில் செயின் பின்னால் உள்ள பெரிய சக்கரத்துக்குப் போக வேண்டும். முன்சக்கரம் எவ்வளவுக்குச் சிறிதோ, பின்சக்கரம் எவ்வளவுக்குப் பெரிதோ, அவ்வளவுக்குக் காலுக்குப் பாரம் குறையும்.

"இப்ப முன்னால முப்பத்திரண்டு பல்லு, பின்னால பெருசுல முப்பத்திநாலு," என்றார் பம்பு. "முன்னால இருபத்தெட்டா குறைச்சிருங்க. பின்னால நாப்பத்தாறா கூட்டிருங்க. மூணுல ஒரு பங்கு பாரம் அப்படியே காணாமப் போயிரும்."

காணாமல் போன பாரம் எங்கே போகும் என்று டெய்லர் கேட்டான். அதை மலையிடம்தான் கேட்க வேண்டும் என்றார் பம்பு. முன்னால் இன்னொரு சக்கரம் சேர்த்தால் என்ன என்றும் கேட்டான். அதற்கு இடது கையில் செயினை மாற்றுகிற இன்னொரு விசை வேண்டும், ஏறும்போது செயின் நழுவும், அம்மாவுக்கு ஒரே விசை ஒரே யோசனை என்பதுதான் பிடிக்கும் என்று பதில் வந்தது. புதுச் செயின், புது அடுக்கு, இருபத்தெட்டுப் பல் முன்சக்கரம் எல்லாம் ஒரு பைக்குள் வந்தன. பின்னால் செயினை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற சின்ன இரும்புக் கை ஒன்று உண்டு. பெரிய சக்கரம் அதில் இடிக்காமல் இருக்க, அந்தக் கையைச் சற்றுக் கீழே இறக்கித் தொங்கவிட ஒரு இரும்புத் துண்டும் கொடுத்தார். செயினை அளந்து வெட்டுங்கள் என்றார். அளப்பதைப் பற்றி ஒரு டெய்லருக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டுமா என்று நினைத்துவிட்டார் போலும்.

கடையின் பின்னறையில், துணிச் சுருள்களுக்கு நடுவில் வேலை தொடங்கியது. பிரிப்பதற்கு முன்னால் டெய்லர் ஒரு காரியம் செய்தான். எதையும் வெட்டுவதற்கு முன்னால் அளவு எடுத்து எழுதுகிற பழக்கம்தான். செயினைப் பெரிய சக்கரத்தில் போட்டு, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து, பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வண்டி நகர்ந்த இடத்தில் இன்னொரு கோடு போட்டான். கழுத்தில் கிடந்த டேப் நூற்றைம்பது சென்டிமீட்டர். அது போதவில்லை, நகர்த்தி வைத்து இரண்டாம் தடவை அளந்தான். நூற்றுத் தொண்ணூற்றைந்து. அளவு நோட்டில் மாமியாரின் மழைச்சட்டை அளவுக்குக் கீழேயே அதையும் எழுதி வைத்தான்.

பிறகு பழைய செயினைக் கழற்றி வெட்டு மேசையில் நீட்டினான். புதுச் செயினைப் பக்கத்தில் நீட்டினான். இருபது வருஷமாக அவன் சட்டை வெட்டுவது இப்படித்தான். ஆள் வர முடியாவிட்டால் அளவுச் சட்டை வரும். அதை விரித்து, மேலே புதுத் துணியைப் போட்டு, ஓரத்தோடு ஓரமாக வெட்டினால் அச்சில் வார்த்தது போல் வரும். இங்கேயும் பழையது எவ்வளவோ புதியதும் அவ்வளவு. மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டு கண்ணிகளை, அவற்றைக் கோத்திருக்கும் ஆணியைத் தள்ளிக் கழற்றி எடுத்தான். துண்டை எறிய மனம் வரவில்லை, பொத்தான் டப்பாவில் போட்டான். எந்தத் தையல்காரன் துண்டுத் துணியை எறிந்திருக்கிறான்?

எல்லாம் மாட்டி, வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று செயின் சமர்த்தாக ஏறியது. ஆறாவது சக்கரத்துக்கு வரும்போது வாசலில் மனைவியின் குரல். அன்றைக்குப் பார்த்து ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். டெய்லர் ஒரு ஜன்னல்திரைத் துணியை வண்டி மேல் போட்டுவிட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் போலச் சிரித்தான். கடைசிப் பெரிய சக்கரத்துக்குச் செயினை ஏற்றிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை மனைவி வேலைக்குப் போனதும் மாமியாரும் மருமகனும் தண்ணீர்த் தொட்டித் தெருவுக்கு வண்டியைத் தள்ளிப் போனார்கள். ஊரிலேயே செங்குத்தான தெரு அது. மழையம்மா ஏறி உட்கார்ந்தார். முதல் இருபது அடி மெல்ல, கால் பழையபடி பழகுவதற்காக. பிறகு வலது கட்டைவிரலால் விசையைத் தட்டத் தட்ட, செயின் ஒவ்வொன்றாகப் பெரிய சக்கரத்துக்கு நகர்ந்தது. அவர் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத ஒரு நிதானம் வந்தது. டெய்லர் பக்கத்தில் பெருமையோடு நடந்தான். ஏற்றம் கூடிய இடத்தில் அவர் கடைசிச் சக்கரத்துக்குத் தட்டினார்.

டக் என்று ஒரு சத்தம். செயின் முறுக்கேறிய கம்பியாக விறைத்தது. இரும்புக் கை முன்னோக்கி இழுபட்டு, அது தொங்கிக்கொண்டிருந்த இடத்தோடு பிய்ந்து சக்கரத்துக்குள் போனது. வண்டி நின்றது. மழையம்மா நிற்கவில்லை. இடது பக்கமாகச் சாய்ந்து, வேலியோரப் புல்லில் முழு உடம்போடு விழுந்தார்.

டெய்லர் ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டான். அவர் மல்லாந்து கிடந்தபடி முதலில் வலது முழங்காலை மடக்கிப் பார்த்தார். நீட்டினார். மறுபடியும் மடக்கினார். பிறகுதான் எழுந்து உட்கார்ந்து, செயினைப் பார்த்து, மருமகனைப் பார்த்தார்.

"எதை வெச்சு அளந்தீங்க மாப்பிள்ளை?"

"பழைய செயினை வெச்சு, அத்தை."

"ஆள் பெருத்துட்டா பழைய சட்டை அளவு ஆகுமா?" என்று கேட்டுவிட்டு, கை கொடுங்கள் என்று எழுந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

முன்னால் நாலு பல் குறைந்தது சரி, பின்னால் பன்னிரண்டு பல் கூடியிருக்கிறதே என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சக்கரம் பெருத்தால் அதைச் சுற்றி வரும் செயினும் நீள வேண்டும். இடுப்பு பெருத்தவனுக்குப் பழைய காற்சட்டையை வைத்து வெட்டிக் கொடுத்தால், அவன் குனியும் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

மனைவிக்குத் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. அம்மாவின் சேலை முதுகில் புல்லின் பச்சை ஒட்டியிருந்தது. நர்ஸுக்கு அது போதும். அவள் அம்மாவின் முழங்காலை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, விரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை. டெய்லர் வாசற்படியில் நின்று தன் தப்பு முழுவதையும் சொன்னான். பழைய செயின், புதுச் செயின், நாலு பல், பன்னிரண்டு பல், எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"விழுந்தது எங்கம்மாங்க. செயின் இல்ல."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவனிடம் பேச்சே இல்லை. தட்டு வந்தது, பேச்சு வரவில்லை.

உடைந்த துண்டைக் கொண்டுபோய்ப் பம்பு முன்னால் வைத்தான் டெய்லர். வண்டியே போய்விட்டது என்று நினைத்திருந்தான். பம்பு கையைக் கட்டிக்கொண்டே குனிந்து பார்த்துவிட்டு, அது உடைவதற்கென்றே செய்த துண்டு என்றார். பலமான இழுப்பு வந்தால் முதலில் அது உடையும், அதனால் வண்டியின் சட்டம் தப்பிக்கும். புதுசு ஒன்று அந்த மூன்றாவது பெட்டியில் இருக்கிறது. டெய்லர் அந்தச் சின்ன இரும்பை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். தான் உடைந்து மற்றதைக் காப்பாற்றுவதற்காகவே ஒன்றைச் செய்ய யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறானே என்று இருந்தது.

செயினை எப்படி அளப்பது என்று இந்தத் தடவை கேட்டுக்கொண்டான். முன்னால் உள்ள சக்கரத்தின் மேலும் பின்னால் உள்ள ஆகப் பெரிய சக்கரத்தின் மேலும் செயினை நேராகச் சுற்றி, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூட விட வேண்டும் என்றார் பம்பு. கூட விடுவது எதற்கு என்று டெய்லர் கேட்கவில்லை. தையலுக்கு உள்ளே துணி விடாமல் வெட்டுகிறவன் டெய்லரே இல்லை. இதை மறந்தது எப்படி என்பதுதான் அவனுக்கு ஆறவில்லை. பொத்தான் டப்பாவிலிருந்து துண்டை எடுத்து நாலு கண்ணி சேர்த்தான். பத்துச் சக்கரத்திலும் ஏற்றி இறக்கிப் பார்த்தான். பெரிய சக்கரத்தில் நாற்பது தடவை பார்த்தான்.

பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி, பழையபடி கோடு போட்டு, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினான். டேப்பை வைத்தான். இந்தத் தடவை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. நூற்று இருபத்தாறு. டேப்புக்குள்ளேயே அடங்கிவிட்டது.

டெய்லர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆறு கிலோமீட்டரை நூற்று இருபத்தாறால் வகுத்துப் பார்த்தான். நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். முன்னால் மூவாயிரம் சுற்றில் ஏறிய அதே மலை. ஒரு கல் குறையவில்லை, ஓர் அடி தாழவில்லை. காணாமல் போன பாரம் எங்கேயும் போகவில்லை. இன்னும் ஆயிரத்து எழுநூறு சுற்றுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இருபது வருஷமாக அவன் காலடியில் இருக்கும் மிஷினில் கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம். ஒரு மிதிக்கு நாலைந்து தையல் ஓடும். வேகம் அங்கிருந்து வருகிறது என்று தெரியும். அதையே திருப்பிப் போட்டால் பலம் வரும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறான். எத்தனை அடி என்று கணக்குப் போட்டுப் பார்த்தது இன்றைக்குத்தான்.

மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோதும் அவன் தரையில்தான் இருந்தான். இரண்டு சாக்பீஸ் கோடுகளையும் அவள் பார்த்தாள். அவன் எழுந்து வண்டியை வெளியே உருட்டினான். கடைக்குப் பின்னால் கிடங்குக்குச் சரக்கு ஏற்றுகிற சிமெண்ட் சரிவு ஒன்று உண்டு. தள்ளுவண்டி போனால் இரண்டு ஆள் முக்க வேண்டும்.

"ஒரு தடவை நீ ஏறிப் பாரு," என்றான். "அப்புறம் நீ வேணாம்னு சொன்னா வேணாம்."

அவள் பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. ஆஸ்பத்திரி உடுப்போடு, முகத்தை உம் என்று வைத்துக்கொண்டு ஏறினாள், சீக்கிரம் தோற்றுக் காட்டிவிட்டு இறங்கலாம் என்பது போல. சரிவில் சக்கரம் பட்டது. அவள் கால் சுற்றியது. வண்டி நத்தையாக நகர்ந்தது, நிற்கவில்லை. பாதியில் அவள் கீழே குனிந்து தன் முழங்காலையே பார்த்தாள். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் வண்டியை விட்டு இறங்காமல், ஏறி வந்த சரிவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். டெய்லர் கீழே காத்திருந்தான்.

வண்டியை உருட்டிக்கொண்டு இறங்கி வந்தவள் முதலில் பேசியது நர்ஸ் குரலில்தான். சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்த வேண்டும், முழங்கால் அவ்வளவு மடங்கக் கூடாது. தினமும் இந்தச் சரிவில் பத்துத் தடவை, அவள் கண் முன்னால். வலி என்று ஒரு வார்த்தை வந்தால் அத்தோடு சரி.

"முட்டியில பாரமே தெரியலைங்க," என்றாள் பிறகு, யாரோ ஏமாற்றிவிட்டது போல. "அப்ப ஏத்துனது யாரு?"

இரண்டு பேரும் குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தார்கள்.

பத்து நாள் சரிவில் பழக்கம் நடந்தது. திங்கட்கிழமை விடிந்தபோது மலையில் பாதிக்கு மேல் பனிமூட்டம். முந்தின நாள் சாயங்காலம் டெய்லர் வண்டியைப் பல் பல்லாகத் துடைத்து வைத்திருந்தான். ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மழையம்மா மஞ்சள் மழைச்சட்டையோடு கிளம்பினார். மகள் மலையடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். மேலே வந்தால் அம்மாவைப் பாதியில் இறக்கிவிடுவேன், ஆகவே வர மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். டெய்லர் சாமான் பையோடு பின்னால் நடந்து போவதாக ஏற்பாடு. நடை வேகத்தில் போகிற சைக்கிளோடு நடப்பதில் என்ன கஷ்டம் என்று வாய் விட்டிருந்தான்.

முதல் வளைவு வரை கூடவே போனான். அவருடைய கால் ஓடுகிறது, சக்கரம் நடக்கிறது. பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. சுற்றுகளை எண்ணினான். அறுநூறு வரை எண்ணியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவன் நெஞ்சுதான் தன்னை எண்ணச் சொல்லி அடித்துக்கொண்டது. இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் நின்றான். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் அடுத்த வளைவைத் திரும்பிவிட்டார். அவசரம் இல்லை, நிற்கவும் இல்லை. பிறகு அவனால் பிடிக்கவே முடியவில்லை.

மூட்டம் விலகுகிற போதெல்லாம் மேலே அந்த மஞ்சள் தெரிந்தது. முதலில் தலைக்கு மேல், பிறகு மரங்களுக்கு மேல், பிறகு பாறைக்கு மேல். ஒரே மாதிரி அசைவு. அவன் கையால் நறுக்கித் தைத்த சட்டைக் கை அது. அந்தக் கையை அவன் இப்போது அண்ணாந்து பார்த்தான். தைத்த முழங்கால் ஒன்று, இருபத்தெட்டுப் பல், நாற்பத்தாறு பல், நாலு கண்ணி. இவ்வளவும் சேர்ந்து ஒரு மனுஷியை ஒரு மலை மேல் துளித்துளியாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. இதை அவன் செய்தான் என்று சொன்னால் பாதி உண்மை. யார் செய்தது என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கண்ணில் நீர் வந்தது. ஏற்றத்தில் வருகிற வியர்வை என்று வைத்துக்கொண்டான்.

நாலாவது கிலோமீட்டரில் ஒரு கல்லின் மேல் ஒருவர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கோப்பு வைத்த தோல்பை பக்கத்தில். அதிகாரி அவர்தான் என்று டெய்லருக்குச் சொல்லாமலே தெரிந்தது. மேலே போன அம்மா உங்கள் தாயாரா என்று அவர் கேட்டார். மாமியார் என்றான். பின்னாலிருந்து மணி அடித்தார்கள், நான்தான் ஒதுங்கி வழி விட்டேன் என்று சொன்னார் அதிகாரி, கொஞ்சம் வெட்கத்தோடு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதடிக்க எட்டு நிமிஷம்.

மழையம்மா அறை வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஈரத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். நோட்டில் அன்றைய வரி முடிந்திருந்தது. மூன்று மாதம் வேறொரு கையெழுத்து, அதற்குக் கீழே அவருடையது. எட்டு முப்பது என்று போட்டிருந்தார். அதிகாரி அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எட்டரைக்கு நேரில் பார்த்ததாக எழுத வேண்டும், அவரோ பார்க்கவில்லை. நோட்டில் எந்த நேரத்தையும் யாரும் எழுதலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். டெய்லருக்கு ரத்தம் கொதித்தது.

மழையம்மா எழுந்து போய் வெள்ளைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கடிகார விசையால் மெல்லச் சுழலும் ஓர் உருளை, அதைச் சுற்றி ஒரு வாரத்துத் தாள், அதன் மேல் வெப்பத்தைக் கோடாக வரைந்துகொண்டே போகும் பேனா முள். எட்டரைக்கு அளவு எடுக்கிற ஆள் அந்த முள்ளை விரலால் லேசாகத் தட்ட வேண்டும் என்பது விதி. கோட்டின் குறுக்கே ஒரு சின்ன நிமிர்ந்த கீறல் விழும். நோட்டில் நேரத்தை மாற்றலாம். சுழன்றுவிட்ட உருளையைத் திருப்ப முடியாது. போன வாரம் முழுக்க, அவருக்குப் பதிலாக வந்த ஆள் தட்ட மறந்திருந்தார். கோடு வெறுமையாக ஓடியிருந்தது. அதன் கடைசியில், எட்டரை என்று அச்சிட்ட இடத்துக்கு நேராக, ஒரு மயிரளவு கீறல். முள் அதைத் தாண்டி இருபது நிமிஷ தூரம் வந்திருந்தது.

அதிகாரி குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கோப்பை எடுத்து, பணி தொடரலாம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். இந்த மலையை எப்படி ஏறினீர்கள் என்று மட்டும் கேட்டார். மருமகன் டெய்லர் என்றார் மழையம்மா. அதிகாரிக்குப் புரியவில்லை, அவர் விளக்கவும் இல்லை.

டெய்லர் அப்போதும் அந்தக் கீறலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாயிரத்து எழுநூறு சுற்றின் முடிவில் ஒரு மனுஷி விரலால் போட்ட ஒரே ஒரு தையல்.

அதிகாரி இறங்கத் தொடங்கிய பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டான்.

"கடைசிச் சக்கரம் எப்படி இருந்துச்சு அத்தை? இழுத்துச்சா, சத்தம் ஏதாவது?"

"தெரியலையே மாப்பிள்ளை," என்றார் அவர். "அதுக்கு நான் போகவே இல்ல."

டெய்லர் விளங்காமல் நின்றான்.

"ஒவ்வொரு வளைவுலயும் இனி முடியாதுன்னுதான் தோணுச்சு. இன்னும் ஒண்ணு கையில இருக்கேன்னு நினைச்சுக்குவேன். அடுத்ததுல பாத்துக்கலாம்னு மிதிப்பேன். அப்படியே மேல வந்துட்டேன்."

அவன் வேலியோரம் சாய்த்து வைத்திருந்த வண்டியிடம் போய்க் குனிந்தான். ஒன்பது சக்கரங்களிலும் ஈரப் பாதையின் சேறு அப்பியிருந்தது. நாற்பத்தாறு பல் உள்ள பெரியது மட்டும், நேற்றுச் சாயங்காலம் அவன் துடைத்து வைத்தபடியே பளபளத்தது.